லைட்டே போடலையே தம்பி

எங்கள் வீட்டு கேட்டை அப்பா இரண்டு வருடத்தில் மூன்று முறை இடித்தார். மூன்று முறையும் மொபெட்டின் இடது கைப்பிடிதான் மாட்டியது. "கொத்தனார் அளவு தெரியாமப் போட்டுட்டான்" என்று ஒவ்வொரு முறையும் கொத்தனாருக்குத் திட்டு விழுந்தது. அந்த கேட் போட்டு இருபது வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் வண்டியை விட்டவர் அவர்.

சாப்பிடும்போது இடது பக்கம் வைத்த தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிடுவார். அம்மா முதலில் முணுமுணுத்தார், அப்புறம் சொம்பை வலது பக்கம் வைக்கப் பழகிக்கொண்டார். கடைத்தெருவில் இடது பக்கமாக வந்து வணக்கம் சொன்ன ஒருவரை அப்பா கண்டுகொள்ளாமல் போய்விட்டார். "உங்கப்பாவுக்குத் தலைக்கனம் வந்துருச்சுப்பா" என்று அவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். நான் திண்டுக்கல்லில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். ஊர் வத்தலக்குண்டு பக்கம். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு போவேன். கேட், சொம்பு, வணக்கம் எல்லாம் எனக்குத் தனித்தனிச் சேதியாகத்தான் வந்து சேர்ந்தன. மூன்றும் ஒரே சேதி என்று விளங்க இரண்டு வருடம் பிடித்தது.

அந்த இரண்டு வருடத்தில் அப்பா மூன்று கண்ணாடி மாற்றினார். கண்ணாடிக் கடைக்குப் போவார், மெஷினில் தாடையை வைப்பார், எழுத்துப் பலகையைப் படிப்பார், புது பவர் எழுதித் தருவார்கள். இரண்டு மாதம் கழித்து "இதுவும் சரியில்லப்பா" என்பார். கடைக்காரர்மேல் தப்புச் சொல்ல முடியாது. அவர் எழுதிய பவர் சரியான பவர்தான். பவர் பார்ப்பது வேறு, கண்ணைப் பார்ப்பது வேறு என்பதுதான் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடிக் கடையில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தையோ, பின்னால் இருக்கும் நரம்பையோ பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. "வயசாச்சுல்ல, புரையா இருக்கும். முத்தட்டும், எடுத்துக்கலாம்" என்று நானே சொன்னேன். இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

2019-இல் ஒரு ஞாயிறு மத்தியானம், திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் வலது கண்ணில் ஏதோ தூசி விழுந்தது. தோள் துண்டை எடுத்து அந்தக் கண்ணை அழுத்திப் பொத்திக்கொண்டார். ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, "ஏப்பா, மழை வரப்போகுதா? இருட்டிக்கிட்டு வருதே" என்றார். வெளியே வெயில் கல்லைப் பிளந்துகொண்டிருந்தது.

துண்டை எடுக்கச் சொன்னேன். வெளிச்சம் வந்துவிட்டது என்றார். இடது கண்ணைப் பொத்தச் சொன்னேன், பேப்பரின் பொடி எழுத்தை வாசித்தார். வலது கண்ணைப் பொத்தச் சொன்னேன். நான் நீட்டிய விரல் எத்தனை என்று சொல்லத் தெரியவில்லை. அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாளே மதுரைக்குக் கூட்டிப் போனேன். கண் வைத்தியத்துக்கு மதுரையைத் தேடி எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் அது. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களை வைத்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் புரை அறுவை செய்தார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தோம்.

மருத்துவமனையில் மஞ்சள் சொட்டு மருந்து விட்டு, நீல வெளிச்சத்தில் கண்ணைத் தொட்டு ஒரு கருவியால் அளந்தார்கள். "பிரஷர் கூட இருக்குய்யா" என்றார் டாக்டரம்மா. "தெனம் காலையில மாத்திரை போட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றார் அப்பா. அது ரத்தக் கொதிப்பு, இது கண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தம். இரண்டும் வேறு. பெரும்பாலானவர்களுக்கு 10-இலிருந்து 21-க்குள் இருக்கும். அப்பாவுக்கு இடது கண்ணில் 32, வலதில் 26. அந்த அழுத்தம்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை நரம்பை அரித்திருக்கிறது. அழுத்தம் 21-க்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு, அதனால் அளவை மட்டும் நம்ப முடியாது, நரம்பையும் பார்க்க வேண்டும் என்றார். குளுக்கோமா. தமிழில் கண் அழுத்த நோய் என்று சீட்டில் போட்டிருந்தது.

அப்புறம் பார்வைப் பரப்பைப் பார்க்கும் சோதனை. இருட்டு அறையில் பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு கருவி. அதற்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சம் மின்னும், தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். வலது கண்ணுக்கு 'டிக் டிக்' என்று அமுக்கினார். அதை மூடிவிட்டு இடது கண்ணுக்கு ஆரம்பித்தார்கள். அப்பா அமுக்கவே இல்லை. இரண்டு நிமிடம் போயிருக்கும். "லைட்டே போடலையே தம்பி" என்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கிண்ணத்துக்குள் ஒன்று மாற்றி ஒன்றாக வெளிச்சம் விழுந்துகொண்டேதான் இருந்தது. சோதனை செய்துகொண்டிருந்த பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இதோ போடறேங்கய்யா" என்று மட்டும் சொன்னான்.

வலது கண்ணுக்கான தாளிலும் மூக்குப் பக்கம் கறுப்புத் திட்டு இருந்தது. வலது கண்ணின் மூக்குப் பக்கம் என்றால் அவருக்கு அது இடது பக்கத்துக் காட்சி. இடது கண் போயே போய்விட்டது, வலது கண்ணிலும் இடது பக்கத்துக் காட்சி இல்லை. கேட்டும் சொம்பும் வணக்கம் சொன்னவரும் அந்தக் கறுப்புக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நடுப்பார்வை மட்டும் கடைசி வரை நன்றாக இருப்பதால் பேப்பர் படிக்க முடிகிறது, பலகையைப் படிக்க முடிகிறது, 'கண்ணு நல்லாத்தான் இருக்கு' என்று நினைக்கவும் முடிகிறது. "போனது வராதுங்கய்யா. இருக்கறதைப் பிடிச்சு வச்சுக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வலிக்கவே இல்லையேம்மா?"

அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது. நம் ஊரில் கண்ணுக்கு டாக்டரிடம் போவதற்கு இரண்டு காரணம்தான்: வலிக்க வேண்டும், இல்லை சிவக்க வேண்டும். அதற்கப்புறம் எங்கள் குடும்பத்திலும் தெருவிலும் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், அந்த இரண்டும் நம்பக்கூடிய சாட்சிகள் இல்லை. ஒரு கண் கெட்டால் இன்னொரு கண் அதை மூடி மறைத்துவிடும்.

சிவப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அச்சகத்தில் ஒரு ஐப்பசியில் ஆறு பேருக்கு வரிசையாக மெட்ராஸ் ஐ வந்தது. ஒரே கீபோர்டு, ஒரே துண்டு, வராமல் என்ன செய்யும். பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தோம். ஒட்டுவது பார்வையால் அல்ல, கையாலும் துண்டாலும்தான். எரிச்சல், பீளை, காலையில் இமை ஒட்டிக்கொள்வது என்று ஒரு வாரம், பத்து நாள் படுத்திவிட்டுப் போய்விட்டது. இன்னொரு நாள் காலையில் அம்மாவின் கண் வெள்ளையில் குங்குமம் கொட்டிய மாதிரி ரத்தத் திட்டு. வலி இல்லை, பார்வையும் தெளிவு. வீடே அலறியது. டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தக் கொதிப்பை மட்டும் அளந்து, "இருமினாக்கூட இப்படி வரும், ரெண்டு வாரத்துல தானாக் கரையும்" என்று அனுப்பிவிட்டார். பயமுறுத்தும் சிவப்பு அது, ஆனால் ஒன்றுமில்லாத சிவப்பு.

சித்தப்பாவுக்கு வந்தது அப்படி இல்லை.

கதிரடிக்கும்போது நெல் சுணை கண்ணில் பட்டது. ஊரில் நாக்கால் தடவித் தூசி எடுக்கிற பாட்டி ஒருத்தி உண்டு. அவளிடம் போனார். அப்புறம் விளக்கெண்ணெய். கண் சிவந்து, தண்ணீர் கொட்டி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசியது. மெடிக்கலில் போய்க் 'கண்ணு செவந்திருக்கு, சொட்டு மருந்து குடுங்க' என்று வாங்கி ஊற்றினார். ஒரே நாளில் சிவப்பு இறங்கிவிட்டது. "பாரு, நாப்பது ரூவாயில முடிஞ்சது" என்று என்னிடம் போனில் பெருமை வேறு. அந்த மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் எரிச்சலையும் அமுக்கும், உள்ளே வளர்கிற கிருமிக்கு வழிவிடும். ஐந்தாம் நாள் கருவிழியில் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

கருவிழிப் புண். சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்ததில் பூஞ்சை. நெல், வைக்கோல், கரும்புச் சோகை என்று பயிர் பச்சை கண்ணில் குத்தினால் வருவது பெரும்பாலும் இந்தப் பூஞ்சைதான் என்றார் டாக்டர். நேட்டமைசின் என்ற சொட்டு மருந்து, மணிக்கு ஒரு தரம். முதல் சில நாள் ராத்திரியிலும் விடவில்லை. சித்தி அலாரம் வைத்து எழுந்து ஊற்றினார். பாட்டிலை ஆட்டிவிட்டு ஊற்ற வேண்டும், அடியில் சுண்ணாம்பு மாதிரித் தங்கும். ஆறு வாரத்தில் புண் ஆறியது. தழும்பு மட்டும் கருவிழியிலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அந்தக் கண்ணில் பார்த்தால் பனிக்குள் பார்க்கிற மாதிரிதான் இருக்கிறது என்கிறார்.

அதனால் சிவந்த கண்ணில் நான் இப்போது மூன்றைத்தான் கேட்கிறேன்: வலிக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, பார்வை மங்குகிறதா. மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டர். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு டாக்டர். காண்டாக்ட் லென்ஸ் போடுகிற பிள்ளைகள் அதோடு தூங்கிவிட்டுச் சிவந்த கண்ணோடு எழுந்தாலும் இதே கணக்குதான். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் சொட்டு மருந்தை நான் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. கண் அரிப்புக்கு என்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு ஊற்றி, கண் அழுத்தமும் புரையும் வாங்கிக்கொண்ட பள்ளிக்கூடப் பையனை, அப்பாவோடு உட்கார்ந்த அதே வராந்தாவில் பார்த்தேன்.

சுண்ணாம்புக்கு மட்டும் கேள்வியே கிடையாது. வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் பிதுக்கி விளையாடும், தெறித்துக் கண்ணில் விழும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் தோன்றும். ஓடக்கூடாது. முதலில் குழாய். இமையைப் பிரித்துப் பிடித்து, இருபது நிமிடமாவது தண்ணீர் ஓடவிட்டு, ஒட்டியிருக்கும் துணுக்கை வழித்தெடுத்துவிட்டு, அப்புறம் ஓடலாம். போகும் வழியில் சுண்ணாம்பு சும்மா இருக்காது, கருவிழியைத் தின்றுகொண்டே இருக்கும். டாய்லெட் கழுவும் ஆசிட், பேட்டரித் தண்ணீர் எதுவானாலும் இதேதான்.

வலியே ஏமாற்றியதும் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு ராத்திரி ஒரு பக்கத் தலை பிளந்தது, வாந்தி வேறு. பித்தம் என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தார்கள். காலையில் பார்த்தால் அந்தப் பக்கத்துக் கண் சிவந்து, கல் மாதிரி இறுகி இருந்தது. டியூப்லைட்டைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்ததாக அவர் முதல் நாளே சொல்லியிருக்கிறார், யாரும் காதில் வாங்கவில்லை. அதுவும் கண் அழுத்தம்தான். அப்பாவுக்கு வருடக்கணக்கில் திருடியது, இவருக்கு ஒரே ராத்திரியில் கதவை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. நேரத்துக்குப் போனதால் லேசரில் சரியானது.

அம்மாவுக்குப் புரை வந்த கதை மட்டும் கொஞ்சம் சிரிப்பானது. அறுபத்தாறு வயதில் ஒருநாள் கண்ணாடி போடாமல் பஞ்சாங்கம் வாசித்தார். வெள்ளெழுத்து போய்விட்டது, எல்லாம் முருங்கைக்கீரை மகிமை என்று தெரு முழுக்கச் சொன்னார். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப் பவர் மாறும்போது கிட்டப் பார்வை கொஞ்ச நாளைக்குத் திரும்பி வருவதுண்டு. அது புரையின் தொடக்கம், கீரையின் மகிமை அல்ல. ஆறு மாதத்தில் பஸ் போர்டு தெரியவில்லை. அப்பாவின் அனுபவத்துக்குப் பிறகு 'முத்தட்டும்' என்று யாரும் வாய் திறக்கவில்லை. ரொம்ப முற்றவிட்டால் எடுப்பதுதான் கஷ்டம். சொட்டு மருந்தில் மரத்துப்போக வைத்து, கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். மறுநாள் கட்டைப் பிரித்ததும் தன் மடியைப் பார்த்து, "இந்தச் சேலை நீலமாடா? பச்சைன்னுல்ல கட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

என் கதைக்கு வருகிறேன். அப்பாவுக்குக் குளுக்கோமா என்றதும் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க எத்தனை பிள்ளைங்க? நாப்பது தாண்டிட்டீங்களா? எல்லாரும் பாத்துருங்க" என்றார். பெற்றவருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு அதிகம். அன்றைக்கே என்னையும் பார்த்தார்கள். அழுத்தம் சரி, நரம்பும் சரி. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மைனஸ் ஏழு. "உங்களுக்கு இப்போதைக்கு அழுத்தம் பிரச்சினை இல்ல, விழித்திரைதான். ஓரத்துல மின்னல் மாதிரி அடிச்சா, கரும்புள்ளி திடீர்னு கூடினா, திரை விழற மாதிரி மறைச்சா உடனே வந்துருங்க" என்றார். கண் நீளமாக இருக்கிற மைனஸ் பவர்க்காரர்களுக்கு விழித்திரை மெலிந்திருக்குமாம். எனக்குத் தலையாட்டத்தான் தோன்றியது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு கல்யாணப் பத்திரிகையை முடித்துவிட்டு ராத்திரி கம்ப்யூட்டரை அணைத்தேன். இருட்டில் இடது ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெட்டு. டியூப்லைட் சோக்தான் என்று நினைத்தேன். லைட் எரியவே இல்லை. கண்ணை அசைத்தால் மறுபடி வெட்டியது. காலையில் பார்த்தால் வெள்ளைச் சுவரில் கரித்தூள் தூவிய மாதிரிப் புள்ளிகள், கண் போகும் பக்கமெல்லாம் மிதந்து வந்தன. ஒன்றிரண்டு பூச்சி எனக்கு எப்போதும் பறக்கும், பலருக்கும் பறக்கும், அது ஒன்றுமில்லை. இது கூட்டம். வலி கிடையாது, சிவப்பு கிடையாது, எழுத்துப் பலகை முழுக்கத் தெரிந்தது. டாக்டரம்மா முன்கூட்டிச் சொல்லியிராவிட்டால் நானும் கண்ணாடிக் கடைக்குத்தான் போயிருப்பேன்.

கண் பாப்பாவை, அதாவது கருவிழி நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தை, விரிக்கும் மருந்து ஊற்றி, கட்டிலில் படுக்கவைத்து, டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னக் கம்பியால் இமைக்கு மேல் அழுத்தி அழுத்திப் பார்த்தார். அதுதான் நான் பட்டதிலேயே பெரிய வேதனை. விழித்திரையின் ஓரத்தில் கிழிசல். கழன்றுவிடவில்லை. அன்று மத்தியானமே கிழிசலைச் சுற்றி லேசரால் வேலி போட்டார்கள். பச்சை வெளிச்சம் சுளீர் சுளீரென்று நூறு தரத்துக்கு மேல் அடித்திருக்கும். சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். கழன்ற பிறகு வந்திருந்தால் பெரிய அறுவை, கண்ணுக்குள் வாயு அடைத்துக் குப்புறப் படுத்தே நாள்கணக்கில் கிடக்க வேண்டியிருக்கும். வராந்தாவில் அப்படித் தலையைக் கவிழ்த்தபடி உட்கார்ந்திருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மின்னல் அடித்து மூன்று வாரம் கழித்து வந்தாராம். பருத்தி எடுப்பு முடியட்டும் என்று இருந்திருக்கிறார்.

சர்க்கரை இருக்கிறவர்களுக்கு ஒரே வரிதான்: தெரிந்த அன்றே ஒரு தரம், அப்புறம் நன்றாகத் தெரிந்தாலும் வருடா வருடம், பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாகத் தெரிந்த பிறகு போனால் கையில் இருக்கும் வழிகள் குறைந்துவிடும். குழந்தைக்கு மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று கொண்டாடுகிற அத்தைமார் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். அது அதிர்ஷ்டம் இல்லை. பயன்படாத அந்தக் கண்ணை மூளை ஒதுக்கிவிடும், ஏழெட்டு வயதுக்குப் பிறகு திருப்பிக் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம். போட்டோ எடுக்கும்போது பிள்ளையின் பாப்பா வெள்ளையாக மின்னினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், அது கண்ணுக்குள் கட்டியாகக்கூட இருக்கலாம்.

போகும்போது சில சில்லறை விஷயங்கள். பாப்பாவை விரிக்க மருந்து ஊற்றினால் நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் எழுத்துத் தெரியாது, வெயில் ஊசியாகக் குத்தும். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுத் துணைக்கு ஒரு ஆளோடு போங்கள். நான் முதல் தரம் கித்தாப்பாக வண்டியில் போய், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரை உருட்டிக்கொண்டு நடந்தேன். பழைய சீட்டு, பழைய கண்ணாடி, ஊற்றிக்கொண்டிருக்கும் மருந்துப் பாட்டில் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். "வீசிங் இருக்கா?" என்று கேட்டால் கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். கண் அழுத்தத்துக்குத் தரும் சொட்டு மருந்துகளில் டிமோலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. கண்ணில் ஊற்றுவது மூக்கு வழியாக உடம்புக்குள் போகிறது. அதனால்தான் ஊற்றியதும் கண்ணை மூடி, மூக்கோரத்து முனையை இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அப்பாவுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு சொட்டு. ஒரு சொட்டு போதும். இரண்டாவது கன்னத்துக்குத்தான் போகும். பாட்டில் திறந்த தேதியை அம்மா மேலே பேனாவால் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் வைத்துவிடுவார், ஒரு மாதம் ஆனால் மீதி இருந்தாலும் குப்பைக்கு. ஆரம்பத்தில் "ஊத்தி ஒண்ணும் தெளிவாத் தெரியலையே" என்று நிறுத்தப் பார்த்தார். தெளிவாகத் தெரிவதற்காக ஊற்றுவதல்ல, இருப்பது போகாமலிருக்க ஊற்றுவது. அது அவருக்குப் பிடிபட ஒரு வருடம் ஆனது. அந்த மருந்தில் இமைமுடி நீளமாக வளர்ந்துவிட்டது. பேத்திகள் தாத்தாவைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள். மொபெட்டை விற்றுவிட்டோம். வலது கண் அப்படியே நிற்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அந்தக் கிண்ணத்துக்குள் முகம் வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு வருகிறார்.

நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் தினசரி காலண்டர் முன்னால் நின்று ஒரு கண்ணைப் பொத்திப் பார்ப்பேன், அப்புறம் அடுத்த கண்ணை. பத்து விநாடி வேலை. டாக்டரிடம் போவதற்கு அது மாற்று இல்லை, என்றாலும் இரண்டு கண்ணும் சேர்ந்து மறைப்பதை அது காட்டிக்கொடுக்கும்.

அண்ணன் திருப்பூரில் இருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது. இன்னும் பார்க்கவில்லை. "அண்ணே, ஒரு தரம் காட்டிரலாம்" என்றால், "எனக்குத்தான் நல்லாத் தெரியுதேடா" என்கிறார். போன பொங்கலுக்கு வந்தபோது காரைச் சுத்தமாக கேட்டுக்குள் விட்டார். கேட்டில் கீறல் எதுவும் இல்லை, போய்ப் பார்த்தேன். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வருகிறார். அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் காலை எட்டு மணிக்கு, அப்பாவின் பரிசோதனையோடு சேர்த்து அவருக்கும் ஒரு சீட்டுப் போடுவதாக இருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.